ரெண்டு மாசக் கறை

ஜார்ஜ் டவுன்,
9 மார்ச் 1992

சலேஹா,

"அன்புள்ள" என்று போட்டுத்தான் தொடங்கினேன். பிறகு வேறு தாள் எடுத்துவிட்டேன். அந்தச் சொல்லுக்கு இந்த வாரம் நீ லாயக்கில்லை.

சனிக்கிழமை உங்கள் கிளினிக்குக்குப் போன் செய்தேன். கவுண்டரில் இருக்கும் பிச்சைமுத்து எடுத்தார். "டாக்டர் கமலாம்பிகை கிளினிக்கிலிருந்து சிஸ்டர் தவமணி பேசுகிறேன், நர்ஸ் சலேஹாவைக் கூப்பிடுங்கள்" என்று நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னேன். அவர் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, புக்கிட் மெர்தாஜாம் பசார் முழுக்கக் கேட்கும்படி, "சலேஹாக்கா, பினாங்குலேர்ந்து கருக்கலைப்பு கூப்பிடுறாங்க" என்று கத்தினார். பெரிய ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் இத்தனை வருடம் பிள்ளைகளைக் கையில் ஏந்திவிட்டு, கடைசியில் எனக்குக் கிடைத்த பெயர் இது.

நீயாவது வெட்கப்பட்டாயா என்றால், அதுவும் இல்லை. அங்கே காத்திருந்த ஹெட்மாஸ்டர் மனைவி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேறு மூலைக்குப் போய்விட்டார் என்று போனிலேயே சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாயின் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் டாக்டர் செய்யலாம் என்று சட்டம் சொல்லி மூன்று வருடமாகிறது. ஆனால் பக்கத்து வீட்டு வாயை எந்தச் சட்டமும் மூடவில்லை. நம்மிடம் வருகிற பெண்கள் அந்த வாய்க்குப் பயந்துதான் வருகிறார்கள்.

ஆகவே இனி போன் கிடையாது, கடிதம்தான். எங்களுக்குக் கீழே ஜபருல்லா அண்ணனின் டோபி கடை இருக்கிறது அல்லவா? அவருடைய வேன் ஹோட்டல் விரிப்புகளை எடுக்கப் பாலம் தாண்டி உங்கள் பக்கம் வருகிறது. உறையை ஒட்டி அவரிடம் கொடுத்துவிடுகிறேன். நீயும் அப்படியே செய். யார் பெயரையும் எழுதாதே, சேலை நிறத்தைச் சொன்னால் போதும்.

இப்போது வேலை விஷயம். நீ அனுப்பியிருந்த ஜுரு ஊர்ப் பெண்ணின் குறிப்பை டாக்டரம்மா பார்த்தார். போன பிரசவத்தில் வலிப்பு வந்து நினைவில்லாமல் கிடந்தவள், பிரஷர் இன்னும் இறங்கவில்லை, இன்னொரு பிரசவம் உயிருக்கே ஆபத்து என்று ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்டும் எழுதியிருக்கிறார். வியாழக்கிழமை காலை அனுப்பிவை. மூன்று மாதம் தாண்டினால் எங்கள் சின்ன கிளினிக்கில் செய்ய முடியாது, அதனால் இழுத்தடிக்காதே. வெறும் வயிற்றோடு வர வேண்டும். வழியை ஒழுங்காகச் சொல்லி அனுப்பு. ரத்த வகைச் சீட்டு மிக முக்கியம். நீ எப்போதும் மறப்பது அதைத்தான்.

இப்படிக்கு,
தவமணி


புக்கிட் மெர்தாஜாம்,
11 மார்ச்

தவமணி அக்காவுக்கு சலாம்.

கடிதம் கஞ்சி வாசனையோடு வந்து சேர்ந்தது. அந்த விறைப்பு ஜபருல்லா மாமா கடையில் ஏறியதா, நீங்கள் எழுதும்போதே இருந்ததா என்று தெரியவில்லை.

பிச்சைமுத்து அண்ணனை ரொம்பத் திட்டாதீர்கள். மர ஆலையில் வேலை பார்த்த காது அது. மெதுவாகப் பேசினால் தான் பேசுவது அவருக்கே கேட்காது. நீங்கள் கோபமாக இருப்பதைச் சொன்னேன். முகம் வாடிப்போய், "பேரு மறந்துபோச்சுலா சலேஹாக்கா. என்ன விஷயமாங்கிறதுதான் ஞாபகம் இருந்துச்சு" என்றார். அவரைப் போய் என்ன செய்வது?

ஜுருப் பெண்ணைப் பார்த்துப் பேசிவிட்டேன். நீலச் சேலை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் கட்டி வருவாள். அக்கா, இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் மூன்று பெண் குழந்தைகள். மாமியார் பேரன் வேண்டும் என்று தினமும் பேசுகிறவராம், அவருக்கு எதுவும் தெரியக்கூடாதாம். புருஷனுக்குத் தெரியும். கார் பட்டறையில் வேலை. நல்ல மனுஷன், ஆனால் அம்மா முன்னால் வாய் திறக்க மாட்டான். "உனக்கு என்ன தோணுதும்மா?" என்று அவளிடமே கேட்டேன். "நான் இருக்கணும்க்கா. மூணும் சின்னப் பிள்ளைங்க. நான் இருந்தாப் போதும்" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

கண் டாக்டரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருவாள். வெறும் வயிற்றோடு போகணும் என்றதும், "நோன்பாக்கா?" என்றாள். "நான்தாம்மா நோன்பு, நீ சும்மா பட்டினி" என்றேன். வழியும் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். ஃபெரியை விட்டு இறங்கி சைக்கிள் திரிஷா வண்டி எடுத்து, ஜபருல்லா டோபி கடை என்று சொன்னால் யாரும் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே போய்க் கதையெல்லாம் சொல்ல வேண்டாம், சூச்சி என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்களுக்குப் புரியும் என்றேன். நர்ஸுகள் நாம் எல்லாரும் சொல்கிற வார்த்தைதானே.

வேறு ஏதோ ஒன்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். கடிதத்தை எங்கேயோ வைத்துவிட்டேன்.

உங்கள் தங்கை,
சலேஹா


ஜார்ஜ் டவுன்,
13 மார்ச்

சலேஹா,

சீட்டும் வரவில்லை, சீட்டுக்குரிய ஆளும் வரவில்லை.

டாக்டரம்மா நேற்றுக் காலை முழுக்க மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தார். நான் பால்கனியில் நின்று தெருவில் போகிற நீலச் சேலைகளையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருத்தியைக் கைதட்டிக் கூப்பிட்டும்விட்டேன். அவள் பேங்குக்குப் போகிறவளாம். நான் ஏதோ விற்கிறேன் என்று நினைத்து, "வேணாம்லா ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு ஓடினாள். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

அவள் மனம் மாறியிருந்தால் அது அவளுடைய உரிமை, நமக்கு வருத்தமில்லை. ஆனால் மனம் மாறினாளா, மாமியார் பிடித்துக்கொண்டாரா, நீதான் நாளை மாற்றிச் சொன்னாயா என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்தப் பிரஷரை வைத்துக்கொண்டு அவள் எங்கேயாவது விழுந்து கிடந்தால்?

உடனே பதில் எழுது. ரத்த வகையையும் சேர்த்து எழுது.

தவமணி


புக்கிட் மெர்தாஜாம்,
16 மார்ச்

தவமணி அக்கா,

இந்தத் தடவை கோபம் என்னுடையது. உங்கள் கிளினிக்கில் எப்போதிலிருந்து ஆண் டாக்டர் வைத்தீர்கள்? அந்த ஆளை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள்.

நீலச் சேலை வந்திருக்கிறாள் அக்கா. சொன்ன நேரத்துக்கு, வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாள். நீங்கள்தான் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். சனிக்கிழமை நான் இல்லாத நேரத்தில் பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டு, பிச்சைமுத்து அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி வைத்திருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்த ரகசியப் பாடத்தை அவர் அன்றைக்குத்தான் கடைப்பிடித்தார். என் காதோரம் வந்து கிசுகிசுத்தார். ஒரு எழுத்துக்கூட விளங்கவில்லை, மூன்று தடவை சொல்ல வைத்தேன். கடைசியில் புரிந்தது இதுதான்.

"டாக்டர் ஐயா பாத்துட்டாராம். ரெண்டு மாசம் தாண்டிட்டதால இனிமே போவாதாம். முன்னாடியே வந்திருக்கணும்னு ஏசினாராம். உங்க உதவிக்கு ரொம்ப நன்றின்னு சொல்லச் சொல்லுச்சு அந்தப் பொண்ணு."

நன்றி சொன்னாளாம் அக்கா. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூன்று மாதம் வரை செய்யலாம் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? அப்படியிருக்க அந்த ஐயா யார்? வெள்ளைத் தாடி வைத்து, வெள்ளை உடுப்பு போட்டு, வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். நாடி பிடித்துக்கூடப் பார்க்கவில்லையாம்.

சலேஹா


ஜார்ஜ் டவுன்,
18 மார்ச்

சலேஹா,

எங்கள் கிளினிக்கில் ஆண் பூனைகூடக் கிடையாது. வெள்ளைத் தாடி, வெள்ளை உடுப்பு, வாசலில் உட்கார்ந்திருப்பது என்று படித்ததும் யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது. கடிதத்தைக் கையில் பிடித்தபடி படியிறங்கி ஓடினேன். ஜபருல்லா அண்ணன் பெருநாளுக்கு வந்த திரைச்சீலை மலைக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, போன வியாழக்கிழமை நீலச் சேலை கட்டின ஒரு பொண்ணு வந்துச்சா?"

"வந்துச்சே. துணியே இல்லாம வந்த பொண்ணுதானே? பாவம் சிஸ்டர், அழுதுட்டுப் போச்சு."

நடந்ததை அவர் வாயாலேயே வாங்கினேன். அவள் உள்ளே வந்து, நீ சொல்லிக் கொடுத்தபடி, "சூச்சி பண்ணணும் ஐயா" என்றிருக்கிறாள். உனக்கு அந்த மலாய்ச் சொல்லுக்குக் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வது என்று அர்த்தம். டோபிக்கு வெளுப்பது என்று அர்த்தம். அவர் கடைப் பலகையிலேயே அந்தச் சொல்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அவளும் நம்பியிருக்கிறாள்.

"துணி எங்கம்மா?"

"துணி கொண்டு வரச் சொல்லலையே ஐயா."

"அப்ப கட்டியிருக்கிறதா?"

அவள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாளாம். வெட்கப்படுகிறாள், பெரிய கறை போலிருக்கிறது என்று இவர் முடிவு கட்டிவிட்டார்.

"எவ்ளோ நாளாச்சு?"

"ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும் ஐயா."

"ரெண்டு மாசமா? இவ்ளோ நாளு என்னம்மா பண்ணுனீங்க? அன்னிக்கே வந்திருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன். இனிமே போவாது. கை வச்சா கிழிஞ்சிடும்."

"வேற வழியே இல்லையா ஐயா?"

"அப்படியே விட்டுட வேண்டியதுதான். பழகிடும்மா."

படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன் சலேஹா. மூச்சு முட்டச் சிரித்தேன். "பழகிடும்மா" என்று அவர் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

மேலே என்ன வைத்தியம் நடக்கிறது என்று தனக்குத் தெரியாது என்பதுதான் அண்ணன் இத்தனை வருடமாகச் சொல்லி வந்தது. இப்போது சொல்ல வேண்டியதாகிவிட்டது, சொன்னேன். அவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். "ஒரு கறைக்கு இப்படி அழுவாங்களான்னு அன்னிக்கே யோசிச்சேன்லா சிஸ்டர். யோசிச்சதோட விட்டுட்டேன்" என்றார்.

சொல் உன்னுடையது. எங்கள் படிக்கட்டு தெருவைப் பார்க்காமல் பக்கத்துச் சந்துக்குள் இருக்கிறது என்று நான் எழுதாதது என் தப்பு. அவ்வளவுதான் ஒப்புக்கொள்வேன்.

அவளைக் கண்டுபிடி. வீட்டில் போன் கிடையாது, கடிதம் போட்டால் மாமியார் பிரிப்பார், நர்ஸ் உடுப்பில் போனால் தெருவே கூடும். எப்படியாவது அவளைத் தனியாகப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல். இந்த மாதக் கடைசிக்குள் அவள் வந்தாக வேண்டும். அதற்குப் பிறகு டாக்டரம்மாவால் இங்கே ஒன்றும் செய்ய முடியாது.

தவமணி


புக்கிட் மெர்தாஜாம்,
21 மார்ச்

தவமணி அக்காவுக்கு சலாம்.

சொல் என்னுடையதுதான். "பழகிடும்மா"வைப் படித்துவிட்டு நோன்பு திறக்கிற நேரத்தில்கூட எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. இனி யாருக்கும் வழியை ஒரு வார்த்தையில் சொல்ல மாட்டேன்.

நேற்று ஜுருவுக்குப் போனேன். நர்ஸாகப் போகவில்லை, நாத்தனாரின் டப்பர்வேர் பையைக் கடன் வாங்கிக்கொண்டு டப்பா விற்கிறவளாகப் போனேன். மாமியார்தான் கதவைத் திறந்தார். குள்ளமான, கணுக்கால் வீங்கிய அம்மா. பார்வை மட்டும் கஸ்டம்ஸ் ஆபீசர் பார்வை. "மூடி நல்லா மூடுமா?" என்று கேட்டு, ஒவ்வொரு டப்பாவிலும் தண்ணீர் ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். கூடமெல்லாம் தண்ணீர்.

நீலச் சேலை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்து, கண்ணெல்லாம் குழி. அவளுக்கு மட்டும் தெரியும்படி கண்ணடித்தேன். "கண்ணுல தூசியா?" என்று மாமியார் சொட்டு மருந்தோடு வந்துவிட்டார். வேண்டாம் என்றாலும் விடவில்லை, தலையைப் பிடித்து ஊற்றியே விட்டார்.

சரி, ஜாடையாகச் சொல்வோம் என்று, அவள் காதில் விழும்படி, "இந்த டப்பாவுல வச்சா ரெண்டு மாசமானாலும் ஒண்ணும் ஆவாது, பயப்படவே வேணாம்" என்றேன். ரெண்டு மாசம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று.

மாமியார் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். பேரன் வந்தால் முருகனுக்குக் காவடி, பேரன் வந்தால் காது குத்து, பேரன் வந்தால் இந்தப் பெரிய டப்பாவில் முறுக்கு. அசையவே இல்லை. கடைசியில் நான்கு டப்பாவுக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சொல்ல வந்ததில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் திட்டினாலும் பரவாயில்லை, ஏதாவது வழி சொல்லுங்கள்.

சலேஹா


ஜார்ஜ் டவுன்,
24 மார்ச்

அன்புள்ள சலேஹா,

திட்டவில்லை. கண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை வேனிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது, "அந்தப் பொண்ணு என்னாச்சு சிஸ்டர்?" என்று ஜபருல்லா அண்ணன் கேட்டார். சொன்னேன். "நான் போறேன்" என்றார். முடியவே முடியாது, இது ஆண்கள் தலையிடுகிற காரியமில்லை, ரகசியம் போய்விடும் என்று கத்தினேன். அவர் திரைச்சீலையை மடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"போவாதுன்னு சொன்ன வாய் என்னுது. நான்தான் போய் மாத்திச் சொல்லணும். நோன்பும் அதுவுமா ஒரு பொம்பள உசுரு என் வார்த்தையில தொங்கிக்கிட்டு இருக்கு சிஸ்டர். நீங்க போனா நர்ஸும்பாங்க, சலேஹா போனா டப்பா விக்க வந்துச்சும்பாங்க. நான் டோபி. டோபி கறையப் பத்திப் பேசினா யாரு என்ன கேக்கப்போறா?"

டாக்டரம்மாவிடம் கேட்டேன். போகட்டும், ஆனால் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தக்கூடாது, நேரம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லட்டும், வருவதும் வராததும் அவள் முடிவு என்றார். அண்ணனுக்கு அதை நான் பலமுறை சொல்லிப் பாடமாக்கியிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமைதான் கடைசி. நாளை வேன் உன் கிளினிக் வாசலில் நிற்கும். ஏறிக்கொண்டு வீட்டைக் காட்டு. ஆனால் நீ இறங்காதே, தலையைக் காட்டாதே, யாரையும் பார்த்துக் கண்ணடிக்காதே.

அன்புடன்,
தவமணி


புக்கிட் மெர்தாஜாம்,
26 மார்ச்

அன்புள்ள தவமணி அக்காவுக்கு,

நீங்கள் "அன்புள்ள" போட்டதை நாத்தனாரிடம்கூடக் காட்டினேன்.

வேனின் பின்பக்கத்தில் ஹோட்டல் விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு, கதவு இடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். மாமா வெள்ளைச் சட்டை, தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வீட்டு முன்னால் வேனை நிறுத்தி சலாம் சொன்னார். நீலச் சேலை வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தன்னைப் பார்த்த டாக்டர் ஐயா லாண்டரி வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டாள்.

மாமியார் வந்தார். "யாரு?"

"டோபிம்மா. பினாங்குல கடை."

"நாங்க துணி போடலையே."

"இல்லம்மா. அன்னிக்கு இந்த மருமவப் பொண்ணு ஒரு கறைக்காக வந்துச்சு. நான் ஒழுங்கா விசாரிக்காம, போவாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். அது என் தப்பு. நான் கீழ்க் கடை, வெறும் டோபி. அந்த மாதிரிக் கறைக்கு மேல்மாடியில படிச்சவங்க இருக்காங்க, லேடீஸ்தான். பக்கத்துச் சந்துல படி. ரெண்டு மாசமானாலும் போவும்னு அவங்க சொல்லச் சொன்னாங்க. திங்கக்கெழம காலையில வந்தாப் போதும். வர்றதும் வராததும் உங்க இஷ்டம். வந்தா வெறும் வயித்தோட வரணும்."

எல்லாம் அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசி வரியில் சறுக்கிவிட்டார். மாமியார் விட்டாரா?

"துணி வெளுக்க எதுக்குய்யா பட்டினி கெடக்கணும்?"

மூட்டைக்குள் எனக்கு வியர்த்துவிட்டது. மாமா தாடியைத் தடவினார்.

"நோன்பு மாசம்லா அம்மா," என்றார்.

அந்த நேரத்தில் நீலச் சேலை சிரித்தாள் அக்கா. சிரித்துக்கொண்டே அழுதாள். காயப்போட்டிருந்த சேலைக்குப் பின்னால் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரேங்கய்யா" என்று தெளிவாகச் சொன்னாள். நான் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மாமியார் மாமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "திங்கக்கெழமதானே? நானும் வரேன். எங்கிட்டயும் பழைய கறை படிஞ்ச திரைச்சீலை கெடக்கு" என்றார்.

கூடவே வருகிறார் அக்கா. அவர் மனது வைத்தால் படியேற விடாமல் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சலேஹா


ஜார்ஜ் டவுன்,
31 மார்ச்

அன்புள்ள சலேஹா,

முதலில் நீ கேட்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன். முடிந்தது. நல்லபடியாக முடிந்தது. அவள் நன்றாக இருக்கிறாள்.

இனி மற்றது. நேற்றுக் காலை பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் திரிஷாவிலிருந்து இறங்கினார்கள். மாமியார் தலையளவு மூட்டையை ஜபருல்லா அண்ணனின் மேஜைமேல் போட்டுவிட்டு, யாரையும் கேட்காமல், நேராகச் சந்துக்குள் திரும்பிப் படியேறினார். நான் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். வாயில் நாலு பொய் தயாராக இருந்தது.

"தள்ளுங்க சிஸ்டர்," என்றார். "மூட்டு வலிக்குது. உக்காரணும்."

உட்கார்ந்தார். மருமகளை உள்ளே அழைத்துப் போனோம். வழக்கப்படி டாக்டரம்மா அவளைத் தனியாக வைத்து, இது உன் முடிவுதானா, வேறு யாருடைய வற்புறுத்தலும் இல்லையா என்று கேட்டார். "என் முடிவுதான் டாக்டர்" என்றாள். பிறகு தயங்கி, "அத்தைக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியல" என்றாள். நான் ரத்த வகைச் சீட்டு இல்லையே என்று உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். போன பிரசவத்தின் ஆஸ்பத்திரி அட்டை. ரத்த வகை, பிரஷர், வலிப்பு வந்த நேரம், எல்லாம் அதில் இருந்தது. "இது வேணும்லா உங்களுக்கு?" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"நோன்பு மாசம்னு அந்த டோபி எங்கிட்டயே சொல்றாரு. ஒரு கறைக்காக ஜுரு வரைக்கும் வந்து மன்னிப்புக் கேக்குற டோபிய நீங்க பாத்திருக்கீங்களா சிஸ்டர்? அதுக்கு முந்தி ஒருத்தி டப்பா விக்க வந்தா. வெல சொல்லவே தெரியல அவளுக்கு. என் மருமவளையே பாத்துக்கிட்டு இருந்தா. எனக்குப் புரியாதா?"

"அப்ப பேரன் பேரன்னு சொன்னீங்களேம்மா?"

"அது வாய்ப் பழக்கம். போன தடவ வலிப்பு வந்தப்ப அவ தலைய மடியில வச்சிருந்தது நான்தான். பேரன வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, அவ இல்லாம? அவளே வந்து சொல்லுவான்னு பாத்தேன். எங்கிட்டப் பயந்துட்டா. எனக்கும் எப்படிக் கேக்குறதுன்னு தெரியல. அதான் திரைச்சீலையத் தூக்கிக்கிட்டு வந்தேன்."

மதியத்துக்கு மேல் மருமகள் எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தேன். அத்தை டம்ளரை வாங்கி ஆற்றிக் கொடுத்தார், அவள் குடித்தாள். கிளம்பும்போது கீழே கடை வாசலில் நின்று பெயர்ப் பலகையை அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்க அக்காளுக்கும் இப்படித்தான் சிஸ்டர். நாலாவது பிரசவத்துல. அவளுக்கு இந்தக் கடை கெடைக்கல," என்றார். பிறகு மருமகள் கையைப் பிடித்துத் திரிஷாவில் ஏற்றினார்.

நான் அழுதேன். எழுதிவிட்டேன், ஆனால் இதை வைத்து நீ பெருநாளில் ஊர் முழுக்கக் கதை பேசாதே. ஜபருல்லா அண்ணன் அந்தத் திரைச்சீலையோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். நிஜமாகவே போகாத கறையாம்.

இரண்டு வாரம் கழித்து அவளை நீ பார்க்க வேண்டும். பிரஷர் மாத்திரையை நிறுத்தக்கூடாது. இனி என்ன தடுப்பு முறை வேண்டும் என்று அவளிடமே கேட்டுச் செய்.

பெருநாள் வாழ்த்துகள்.

அன்புடன்,
அக்கா


புக்கிட் மெர்தாஜாம்,
14 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு சலாம்.

பலகாரம் வந்து சேர்ந்ததா? வேனில் அனுப்பியதால் கஞ்சி வாசனை அடித்தால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

நேற்று நீலச் சேலை வந்தாள். பிரஷர் இறங்கியிருக்கிறது, முகத்தில் ரத்தம் திரும்பியிருக்கிறது. மாமியாரும் கூட வந்தார். நர்ஸ் உடுப்பில் என்னைப் பார்த்ததும், "டப்பா விக்கிற பொண்ணுதானே நீ? என் பெரிய டப்பா மூடி சரியா மூடல" என்றார். மாற்றிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டேன்.

கவுண்டரில் பிச்சைமுத்து அண்ணன் வழக்கம்போல, "எதுக்கு வந்திருக்கீங்க?" என்று ஹால் முழுக்கக் கேட்கக் கத்தினார். மாமியார் அசரவில்லை. அவரைவிடச் சத்தமாக, "பினாங்கு டோபி கடையிலேர்ந்து அனுப்பினாங்க. கறை சுத்தமாப் போயிடுச்சான்னு பாக்கணும்" என்றார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்த்தது ஒருத்தர் மட்டும்தான். நான் மருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, ஹெட்மாஸ்டர் மனைவி தன் நாற்காலியை மாமியார் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்தபடி, "அந்த டோபி கடை எங்கம்மா இருக்கு? எம்மவளுக்குத்தான்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துச் சந்து, படிக்கட்டு எல்லாம் ஒன்று விடாமல் விளக்கமாகச் சொன்னார். என்னைவிட நன்றாகவே சொன்னார்.

பிறகு அம்மாவையும் மகளையும் உள்ளே அழைத்து, மகளிடம் தனியாகவும் பேசினேன். அவளுக்கும் உடம்பில் சிக்கல் இருக்கிறது. டாக்டரம்மா பார்த்து முடிவு சொல்லட்டும். வியாழக்கிழமை காலை வருவாள். மஞ்சள் சேலை. படிக்கட்டு வரை நானே கூட வருகிறேன்.

ரத்த வகைச் சீட்டு இத்துடன் இருக்கிறது.

உங்கள் தங்கை,
சலேஹா